டேட்டா சென்டர் ஆபரேட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு: வேலை, திறமை, சம்பளம்

டேட்டா சென்டர் என்பது பல நிறுவனங்களின் சர்வர் கணினிகளை வைத்து ஓட்டும் கட்டடம். புதிதாக வெளிநாடு வந்து வேலை தேடுகிறவர்கள் அங்கே ஆபரேட்டர் வேலைக்கான விளம்பரத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கோடிங் தெரியணுமா?" பெரும்பாலான இடங்களில் தேவையில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, எந்தப் பக்கத்து வேலை என்பது. ஒரே பெயரில் மூன்று விதமான வேலைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

முதலாவது சர்வர் பக்கம். ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் உயரமான சட்டம்) சர்வர் ஏற்றி இறக்குவது, பழுதான டிஸ்க்கும் மெமரியும் மாற்றுவது, கேபிள் இழுப்பது. வாடிக்கையாளர் எங்கிருந்தோ சொல்வதை அவர் சார்பில் கையால் செய்து கொடுப்பதும் இதில் சேரும். ரிமோட் ஹேண்ட்ஸ் என்பார்கள். இரண்டாவது கட்டடப் பக்கம்: யுபிஎஸ், பேட்டரி, ஜெனரேட்டர், குளிரூட்டும் சில்லர் இயந்திரம். மூன்றாவது, திரை முன்னால் உட்கார்ந்து அலாரம் பார்த்து, பிரச்சினையைப் பதிவு செய்யும் (டிக்கெட் திறப்பது என்பார்கள்) கண்காணிப்பு வேலை.

எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் படித்த நம் ஆட்கள் பலர் இது ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்து இரண்டாவது பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். தப்பு. ஜெனரேட்டரோ பெரிய ஏசி பிளான்ட்டோ பார்த்த அனுபவம் இருந்தால், சர்வர் பக்கம் கூட்டத்தில் நிற்பதைவிட இங்கே முயற்சி செய்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மின்சார வேலையில் கை வைக்கப் பல நாடுகளில் அந்த நாட்டு உரிமம் வேண்டும். ஊரில் வாங்கிய சான்றிதழ் அப்படியே செல்லாது.

சர்வர் பக்கம் போகிறவர்களுக்கு லினக்ஸ் அடிப்படை, ஐபி முகவரி, விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) தெரிந்திருந்தால் தொடங்கலாம். சான்றிதழ் என்றால் காம்ப்டியா சர்வர் பிளஸ் அல்லது நெட்வொர்க் பிளஸ், முடிந்தால் சிஸ்கோவின் சிசிஎன்ஏ. டேட்டா சென்டருக்கென்றே நடத்தும் தனிப் படிப்புகள் விலை அதிகம். சொந்தப் பணத்தைப் போடாதீர்கள், வேலையில் சேர்ந்த பிறகு கம்பெனியிடம் கேளுங்கள். நேர்காணலில் கேட்பது பெரும்பாலும் கைவேலை சார்ந்த விஷயங்கள். ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகான ஒரு யு எவ்வளவு? (44.45 மில்லிமீட்டர்.) சர்வருக்கு ஏன் இரண்டு பவர் கார்டு, அவை ஏன் ஏ, பி என்று தனித்தனி மின்பாதையிலிருந்து வருகின்றன? ஃபைபர் கேபிளின் முனையைச் செருகும் முன் ஏன் சோதித்துத் துடைக்க வேண்டும்? சர்வருக்குள் போகும் காற்று எவ்வளவு வெப்பத்தில் இருக்கலாம்? (குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை 18 முதல் 27 டிகிரி செல்சியஸ்.) இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பது. இந்தத் துறையில் அவசரக்காரரை யாரும் விரும்புவதில்லை. 2017 மே மாதம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்கள் முடங்கி சுமார் 75,000 பயணிகள் தவித்தார்களே, அதற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணம், டேட்டா சென்டரில் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிறகு முறையில்லாமல் திரும்ப இணைக்கப்பட்டது. அதனால்தான் எந்த வேலைக்கும் படிப்படியாக எழுதிய செயல்முறை கையில் இருக்கும், எம்ஓபி என்பார்கள். ஐந்தாவது படி உங்களுக்குத் தேவையில்லாததாகத் தோன்றினாலும் தாண்டக் கூடாது. "இரவு மூன்று மணிக்கு அலாரம் அடிக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். "நானே சரிசெய்துவிடுவேன்" என்பது அவர்கள் தேடும் பதில் அல்ல. அலாரம் உண்மையா என்று பார்ப்பேன், யாருக்குச் சொல்ல வேண்டுமோ சொல்வேன், செயல்முறைப்படி செய்வேன், நேரத்தோடு எழுதி வைப்பேன். இவ்வளவுதான்.

ஆங்கில உச்சரிப்பை நினைத்துக் கூச்சப்படுகிறவர்களுக்கு: ஷிஃப்ட் மாறும்போது எழுதிக் கொடுக்கும் குறிப்பு தெளிவாக இருக்கிறதா என்பதைத்தான் கூட வேலை செய்கிறவர்கள் கவனிப்பார்கள். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதப் பழகுங்கள், போதும்.

சரி, சம்பளம். நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் தொகையை விடுங்கள், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் தனி. இரவு, வார இறுதி, பொது விடுமுறைக்கான படிகள் தனி. பல இடங்களில் 12 மணி நேர ஷிஃப்ட். இரண்டு வாரத்தில் ஏழு ஷிஃப்ட் என்றால் 84 மணி நேரம், அதாவது வாரத்துக்குச் சராசரியாக 42. சாப்பாட்டு இடைவேளைக்குச் சம்பளம் உண்டா, எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள் மணிக்கணக்குச் சம்பளம் கூடுதலாகத் தெரிகிறதே என்று மயங்க வேண்டாம். சம்பளத்துடன் கூடிய விடுப்பு, காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டா என்று கூட்டிக் கழித்துப் பாருங்கள். பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றினால் இரவுப் படி நின்றுவிடும். அதனால் வீட்டு வாடகையை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி பாருங்கள்.

உடம்புக்கும் வேலை உண்டு. சில சர்வர்கள் இருவர் சேர்ந்துதான் தூக்கலாம், லிஃப்ட் வண்டி இருந்தால் வெட்கப்படாமல் எடுங்கள். சத்தம் அதிகம், காதடைப்பான் போடாமல் உள்ளே போகாதீர்கள்.

அப்புறம், பின்னணிச் சோதனை பல இடங்களில் கடுமையாக இருக்கும். முன்பு வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்று, பழைய வேலைக்கான கடிதங்கள், வேலையில்லாமல் இருந்த மாதங்களுக்கு நேர்மையான விளக்கம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய அனுமதி என்று பார்த்துவிட்டே ஷிஃப்ட்டுக்குச் சம்மதியுங்கள். பல டேட்டா சென்டர்கள் ஊருக்கு வெளியே இருக்கும், இரவு ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் பஸ் இல்லாமல் போகலாம். ஓட்டுநர் உரிமம் இன்னும் மாற்றவில்லை என்றால் விண்ணப்பத்தோடு சேர்த்து அதையும் இப்போதே தொடங்குங்கள்.