டீசல் கார் பிராக்கெட் ரேஸுக்கு ஆகாதாம், யார் சொன்னது?

கறும்புகை:
வேறொரு திரியில் ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "டீசல் காரை வைத்து பிராக்கெட் ஓடுவது வீண். டர்போ லேக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், டயல்-இன் நிற்காது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பிராக்கெட்டில் வேகமான கார்தான் ஜெயிக்கும் என்று யார் சொன்னது? இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நேர்கோட்டில் ஓடும் 402 மீட்டரை எத்தனை விநாடியில் கடப்பேன் என்று நீயே கார்க் கண்ணாடியில் எழுதிவிட்டு வருகிறாய், அதுதான் டயல்-இன். நான் 15.50 எழுதி, எதிராளி 12.50 எழுதினால், எனக்கு 3 விநாடி முன்னதாகப் பச்சை விழும். எழுதியதைவிடச் சீக்கிரம் போனால் பிரேக்-அவுட், அவுட்! ஆக, ஒரே மாதிரி ஓடும் வண்டிதான் தேவை. அதில் டீசலை எது மிஞ்சும்? இன்னொன்று, லேக், அதாவது டர்போ எழும்ப ஆகும் தாமதம், ஓட்ட நேரத்தில் சேரவே சேராது. கடிகாரம் பச்சை விளக்கில் தொடங்குவதில்லை. முன்சக்கரம் கிளம்பும் கோட்டில் உள்ள ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்த பிறகுதான் தொடங்கும். லேக் எல்லாம் ரியாக்‌ஷன் கணக்கு, அதாவது விளக்குக்கும் சக்கரம் நகர்வதற்கும் நடுவில் உள்ள நேரம்.

பெட்ரோல்பித்தன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் போட்டே எழுதியிருக்கலாம். லேக் ஓட்ட நேரத்தில் சேராதாம்! சக்கரம் நகர்ந்த மறுகணமே டர்போவின் காற்றழுத்தம், அதான் பூஸ்ட், முழுசாக வந்து நிற்குமா? முதல் 60 அடியில் உங்கள் வண்டி கொட்டாவி விடுவது ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில், டைம்ஸ்லிப்பிலேயே அச்சாகி வருகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கறும்புகை:
கடிகாரம் கதிரில் தொடங்குகிறது. மறுபடி சொல்கிறேன், கதிரில். பச்சையில் இல்லை. இதைப் புரிந்துகொள்ள முடியாதவர் 60 அடி பற்றிப் பேசுகிறார்.

நாலாம்கியர்:
இருவருமே லேக் என்று எதைச் சொல்கிறீர்கள்? பெடலை மிதித்ததற்கும் சக்கரம் நகர்வதற்கும் நடுவில் உள்ள தாமதமா, நகர்ந்த பிறகு பூஸ்ட் ஏறும்வரை இழுவை இல்லாமல் இருப்பதா? முதலாவது ரியாக்‌ஷனில் போகும், இரண்டாவது ஓட்ட நேரத்தில் போகும். அதை முதலில்

கறும்புகை:
தம்பி, பாதியில் அனுப்பிவிட்டீர்கள். முழுசாக எழுதியிருந்தாலும் பதில் இதுதான்: கடிகாரம் கதிரில் தொடங்குகிறது.

பெட்ரோல்பித்தன்:
நாலாம்கியர், நீங்கள் நடுவில் வராதீர்கள். இவருக்குப் புரியவைக்க வேண்டியது நான்.

கறும்புகை:
புரியவைப்பாராம்! சரி, இப்போது நான் புரியவைக்கிறேன், எல்லாரும் படியுங்கள். டீசல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தி ஓட்டும் வேலையே கிடையாது, எரிபொருள் அளவை வைத்துத்தான் சக்தி. எரிக்கத் தேவையானதைவிட அதிகமான காற்று உள்ளே இருக்கிறது. அதோடு டர்போ, குறித்த அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றித் தருகிறது. அதனால் காலையில் குளிர், மதியம் சூடு என்று காற்றின் அடர்த்தி மாறினாலும் வண்டி பெரிதாக மாறாது. பெட்ரோல்காரர்கள், அதுவும் டர்போ இல்லாத கார்புரேட்டர்காரர்கள், வானிலை மானியைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றுக்கு ஒரு தடவை டயலை அழித்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நான் காலையில் எழுதியதை மாலைவரை தொடுவதில்லை.

பெட்ரோல்பித்தன்:
டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே சூடேறினால்? வரிசையில் நின்று நின்று, அடுத்தடுத்த சுற்றில் உள்ளே போகும் காற்றே கொதிக்கும்போது உங்கள் டயல் என்ன ஆகும்? அதைச் சொல்லமாட்டீர்கள். மேலும் 15.50 ஓடுகிறவருக்கு இவ்வளவு பேச்சா? அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதியில் 13.99 விநாடி அல்லது அதைவிடச் சீக்கிரம் ஓடுபவருக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம். உங்களுக்கு ஒரு தொப்பியே தாராளம்.

மஞ்சள்மூன்று:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் கறும்புகை அண்ணே, போன வாரம் ஒரு ஸ்லிப் போட்டிருந்தீர்களே, ரியாக்‌ஷன் 0.520. அரை விநாடி தூங்கியவர் நிலையான ஓட்டம் பற்றிப் பேசலாமா?

கறும்புகை:
மஞ்சள்மூன்று என்று பெயர் வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியவில்லையா? அது பழைய டைமிங் கருவி. அதில் பச்சைக்கு முன் எரியும் மூன்று மஞ்சள் விளக்கில் கடைசி மஞ்சள் எரிந்ததிலிருந்து எண்ணுவார்கள், பச்சைக்கு அரை விநாடி. 0.500 வந்தால் அப்பழுக்கில்லாத கிளம்பல், அதற்குக் குறைந்தால் முந்திக் கிளம்பியதற்குச் சிவப்பு விளக்கு. புதிய கருவிகளில் அதையே 0.000 என்று காட்டுகிறார்கள். அப்படியென்றால் என் 0.520 என்பது 0.020. நீங்கள் உங்கள் ஸ்லிப்பை எப்போது காட்டப்போகிறீர்கள்?

மஞ்சள்மூன்று:
என் ஸ்லிப் எதற்கு? கேள்வி உங்கள் ஸ்லிப் பற்றி.

பெட்ரோல்பித்தன்:
அருமை. லேக் எல்லாம் ரியாக்‌ஷனில் போகும் என்கிறார். ஆனால் ரியாக்‌ஷன் 0.020 என்கிறார். அப்படியானால் லேக் எங்கே போயிற்று? ஓட்ட நேரத்தில்! நன்றி, வணக்கம்.

கறும்புகை:
கிளம்புவதற்கு முன்பே பூஸ்ட் ஏற்றிக்கொள்கிறேன் ஐயா! ஆட்டோமேட்டிக். இடது காலில் பிரேக், வலது காலில் பெடல். எஞ்சினையும் கியரையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் சுமை விழுந்ததும் டர்போ எழும்பும். விளக்கைப் பார்த்து பிரேக்கை விடுகிறேன். கடிகாரமோ கதிரில்தான் தொடங்குகிறது. இதில் லேக் எங்கே இருக்கிறது?

நாலாம்கியர்:
மேனுவல் டீசலில் அது நடக்காது. கிளட்ச்சை மிதித்துக்கொண்டு ரேஸ் கொடுத்தால் சுமை இல்லை. எரிபொருள் கொஞ்சமாகத்தான் போகும், பூஸ்ட் ஏறாது. ஆட்டோமேட்டிக்கிலும் புதிய கார்கள் பலவற்றில் பிரேக்கும் பெடலும் ஒன்றாக மிதிபட்டால் கணினி எரிபொருளைக் குறைத்துவிடும். எத்தனை ஆர்.பி.எம்.மில் பிடிக்கிறீர்கள் என்று சொன்னால் உபயோகமாக இருக்கும்.

கறும்புகை:
அதைச் சொன்னால் அடுத்த முறை என் பக்கத்து லேனில் நீங்கள் நிற்பீர்கள்.

பெட்ரோல்பித்தன்:
ஆக, ஒவ்வொரு தடவையும் கையால், இல்லை காலால், ஒரே அளவு பூஸ்டைப் பிடிக்க வேண்டும். ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் குறைய. நான் முதலில் எழுதியதே இதுதான்: லேக் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

கறும்புகை:
எங்கே ஒப்புக்கொண்டேன்? வரியைக் காட்டுங்கள். காட்ட முடியாது. உங்கள் பெட்ரோல் வண்டியில் கியர்பாக்ஸிலேயே வண்டியைப் பிடித்து வைக்கும் ட்ரான்ஸ்பிரேக், அதை விடும் நேரத்தைத் தள்ளிவைக்கும் டிலே பாக்ஸ் எல்லாம் பூட்டிக்கொண்டு முதல் மஞ்சளில் பொத்தானை விட்டால் மிச்சத்தை மின்சாரம் பார்த்துக்கொள்கிறது. அதற்கும் பெயர் ஓட்டுநர்! நான் காலால் ஓட்டுகிறேன். போதாததற்கு, முன்னால் கிளம்பிய எனக்குப் பின்னால் நீங்கள் துரத்தி வருகிறீர்கள். என்னை முழுசாகப் பார்த்துக்கொண்டே, பிரேக்-அவுட் ஆகாதபடி கோட்டுக்கு முன்னால் பிரேக்கை மெல்லத் தட்டி நூலிழையில் முந்துகிறீர்கள். நானோ கண்ணாடியில் உங்களையும் முன்னால் கோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெட்ரோல்பித்தன்:
கண்ணாடியில் என்ன தெரியும், உங்கள் புகைதான் தெரியும். பின்னால் வருகிறவனுக்குச் சாலையே தெரிவதில்லை.

கறும்புகை:
நன்றாக டியூன் செய்த டீசல் புகைக்காது. என் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மஞ்சள்மூன்று:
அப்போது ஏன் அந்தப் பெயர்?

கறும்புகை:
உங்கள் வேலையைப் பாருங்கள்.

நாலாம்கியர்:
யாராவது 60 அடி நேரங்களை வரிசையாகப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே வண்டி, ஒரே நாள். அந்த எண்கள் ஒட்டி வந்தால் கறும்புகை சொல்வது சரி. இல்லையென்றால் மற்றவர் சொல்வது சரி.

பெட்ரோல்பித்தன்:
நான் ஏன் போட வேண்டும்? டீசல் நிலையானது என்று சொன்னவர் போடட்டும்.

கறும்புகை:
ஆகாது என்று முதலில் சொன்னவர் போடட்டும். போடமாட்டார். டயர் காற்று திரியிலும் இப்படித்தான், "நாளைக்கு எண்களோடு வருகிறேன்" என்று போனவர், இன்னும் வரவில்லை.

பெட்ரோல்பித்தன்:
டயர் காற்றை ஏன் இழுக்கிறீர்கள்? காற்றைக் குறைத்தால் டயர் விட்டம் சுருங்கி, ஸ்டேஜ் கதிரை விட்டு வெளியேறும் தூரம் மாறும் என்றேன். அது உண்மைதானே? அன்றைக்கு நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள்.

கறும்புகை:
ஆ, அன்றைக்குக் கதிர் இருந்தது, இன்றைக்கு மட்டும் கதிர் இல்லையா? கடிகாரம் கதிரில் தொடங்குகிறது என்று அப்போது உங்களுக்கே தெரிந்திருக்கிறது!

பெட்ரோல்பித்தன்:
தொடங்கட்டும். அதற்கப்புறம் உங்கள் வண்டி எப்போது தொடங்கும் என்பதுதான் என் கேள்வி.

கறும்புகை:
டயர் காற்றுத் திரியின் சுட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன். யாரும் போய்விடாதீர்கள்.