ஏறும்போது வேர்க்குது, இறங்கும்போது நடுங்குது. என்ன டிரஸ் போடணும்? அவசரம்

சேறு_சக்கரம் | சனி, இரவு 9.40
நண்பர்களே, அவசர உதவி. எம்டிபி, அதான் மவுண்டன் சைக்கிள் ஓட்டுறேன். குளிர் தாங்க முடியல. மேடு ஏறுறப்போ வேர்த்துக் கொட்டுது. இறக்கம் ஆரம்பிச்ச உடனே உடம்பு வெடவெடன்னு ஆடுது. விரல் மரத்துப் போயி பிரேக் எங்க இருக்குன்னே தெரியல. இன்னிக்கு ஒரு வளைவுல திரும்ப முடியாம நேரா புதருக்குள்ள போயிட்டேன், அடி ஒண்ணும் இல்ல. நல்ல ஜாக்கெட் எது, கிளவுஸ் எதுன்னு சொல்லுங்க. பட்ஜெட் 5,000. அடுத்த மாசம் எக்ஸ்சி (கிராஸ்கன்ட்ரி) ரேஸ் இருக்கு.

பழைய_செயின் | சனி, 9.52
எந்த ஊர்? எத்தனை மணிக்கு ஓட்டுறீங்க? இப்ப என்ன போட்டு ஓட்டுறீங்க? எவ்வளவு நேரம்? ஒண்ணுமே சொல்லாம "ஜாக்கெட் எது"ன்னு கேக்குறது, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு "வலிக்குது, மாத்திரை குடுங்க"ன்னு கத்துற மாதிரி இருக்கு. வருஷா வருஷம் டிசம்பர் வந்தா இதே கேள்வி. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல.

ஸ்காபரோ_சில்லு | சனி, 10.15
வணக்கம் தம்பி. பயப்பிடாதேங்கோ. இஞ்ச ரொறன்ரோவில டொன் பள்ளத்தாக்கு ட்ரெயில்ல நாங்கள் மைனஸ் 10 இலையும் ஓடுறனாங்கள். உள்ளுக்கு மெரினோ கம்பளி, அதுக்கு மேல மெல்லிய ஃபிளீஸ், வெளியில காத்து தடுக்கிற உடுப்பு. கைக்கு கையுறை காணாது. ஹாண்டில்பாரோட சேத்துப் பூட்டுற தடிச்ச உறை இருக்கு, போகி எண்டு சொல்லுவினம். அதுக்குள்ள கையை விட்டு ஓடினால் மெல்லிய கையுறையே போதும். சப்பாத்து ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. இறுக்கமான சப்பாத்துக்குள்ள ரெண்டு சொக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் குளிரும்.

குந்தா_காத்து | சனி, 10.21
அண்ணா, அவர் கேக்குறது ரொறன்ரோ குளிர் இல்லன்னு நினைக்கிறேன். பட்ஜெட்டே 5,000தான்.

ஸ்காபரோ_சில்லு | சனி, 10.24
ரூபாயோ டொலரோ எண்டு எழுதேல்லையே.

சுக்குமல்லி | சனி, 10.40
டிரஸ் எல்லாம் அப்புறம். உள்ள சூடு இல்லாதவனுக்கு எந்த ஜாக்கெட்டும் நிக்காது. கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி சுக்கு மல்லி காபி, கருப்பட்டி போட்டு. ஒரு பிடி வேர்க்கடலை. நான் ஸ்வெட்டரே போடுறதில்ல.

பழைய_செயின் | சனி, 10.44
நீங்க இருக்குறது மதுரை.

திருப்பூர்_நூல் | சனி, 11.05
ஜாக்கெட்ட விடுங்க. உடம்போட ஒட்டி முதல்ல என்ன இருக்கு? காட்டன் பனியனா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். துணி தொழில்ல இருக்கேன், அதனால சொல்றேன். சாதாரண நிலையில காத்துல இருந்து பருத்தி இழுத்து வெச்சுக்கிற ஈரம் அதோட எடையில 8.5 சதவீதம். பாலியஸ்டர் வெறும் 0.4. அதான் பருத்தி வேர்வைய குடிச்சிட்டு விடவே மாட்டேங்குது. நனைஞ்ச பனியனோட இறக்கத்துல போனா உங்க உடம்புச் சூட்ட அதுவே உறிஞ்சி எடுக்கும். தண்ணி காத்தை விட இருபது மடங்குக்கு மேல வேகமா சூட்டைக் கடத்தும். மேல எவ்வளவு காசு போட்டு ஜாக்கெட் மாட்டுனாலும் உள்ள ஈரத்துணி இருக்குற வரைக்கும் நடுக்கம் போகாது.

சேறு_சக்கரம் | ஞாயிறு, காலை 7.10
ஊட்டி. வீடு கோவை, லீவு நாள்ல மேல போவேன். காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சு லவ்டேல், கேத்தி பக்கம் எஸ்டேட் ரோடும் மண் ரோடும். 10 மணிக்குள்ள முடிச்சிடுவேன். போடுறது சாதாரணமாதான்.

பழைய_செயின் | ஞாயிறு, 7.31
"சாதாரணமா"ன்னா?

சேறு_சக்கரம் | ஞாயிறு, 7.33
பனியன், டிஷர்ட், மேல ரெயின் ஜாக்கெட். கழுத்து வரைக்கும் ஜிப் போட்டுதான் ஓட்டுவேன், குளிருமே. கீழ ஷார்ட்ஸ். கிளவுஸ் அரை விரல். தலைக்கு ஹெல்மெட்டுக்குள்ள அம்மா பின்னுன குல்லா.

திருப்பூர்_நூல் | ஞாயிறு, 7.35
சொன்னேன்ல.

குந்தா_காத்து | ஞாயிறு, 8.20
சரி, இப்ப பேசலாம். நான் இங்கயே பொறந்து வளந்தவன். டிசம்பர், ஜனவரியில விடியக்காலை குளிர் வேற, 9 மணி வெயில் வேற. விடியறப்ப காந்தல், தலைகுந்தா மாதிரி பள்ளமான இடத்துல புல்லு வெள்ளையா உறைஞ்சு கிடக்கும். அதே நாள் மத்தியானம் முழுக்கைச் சட்டையே பாரமா இருக்கும். கோவை சுமார் 400 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு வெச்சாலே நீங்க வீட்ல இருந்து கிளம்பும்போது உடம்புக்குத் தோணுற குளிரை நம்ப முடியாது.

இன்னொண்ணு, வெளியூர்க்காரங்களுக்கு இது தெரியாது. காத்து இல்லாத தெளிஞ்ச ராத்திரி குளிர் காத்து கனமா இறங்கி பள்ளத்துல தேங்கி நிக்கும். சரிவுல ஓரளவு சமாளிச்சுட்டு வந்தவன், பள்ளத்துக்குள்ள நுழையுறப்ப முகத்துல அறைஞ்ச மாதிரி இருக்கும். கீழ இறங்க இறங்க வெதுவெதுப்பா ஆகும்னு காலைல மட்டும் நினைக்காதீங்க.

6 மணிக்கே ஏன் கிளம்பணும்? 7.30க்கு ஆரம்பிங்க. பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சுது, காசும் மிச்சம்.

பழைய_செயின் | ஞாயிறு, 8.45
ரேஸ் காலைல வெச்சா 7.30க்கு ஆரம்பிங்கன்னு ரேஸ் நடத்துறவங்ககிட்டயும் சொல்லுவீங்களா?

கணக்கு சொல்றேன், எழுதி வெச்சுக்கங்க. 5 டிகிரியில 30 கிலோமீட்டர் வேகத்துல இறங்குனா தோலுக்கு அது 0 டிகிரி மாதிரி. கனடாவும் அமெரிக்காவும் சேந்து போட்ட காற்றுக்குளிர் சூத்திரம் இது. ஏறும்போது 7, 8 கிலோமீட்டர் வேகம், காத்தே கிடையாது. அதனால ஏத்தத்துக்கு ஒரு உடை, இறக்கத்துக்கு ஒரு உடை. ரெண்டுக்கும் ஒரே ஜாக்கெட் தேடுறவன் கடைசி வரைக்கும் தேடிக்கிட்டே இருப்பான்.

ரெயின் ஜாக்கெட்ட மழைக்கு மட்டும் எடுங்க. அது வெளித்தண்ணிய உள்ள விடாது, உள்தண்ணிய வெளிய விடாது. நீங்க நனைஞ்சது பனியில இல்ல, உங்க வேர்வையில. அதுக்குப் பதிலா மடிச்சா கைக்குள்ள அடங்குற மெல்லிய விண்ட்சீட்டர். அது ஜெர்சியோட முதுகுப் பாக்கெட்ல இருக்கணும். உச்சிக்குப் போனதும், மூச்சு வாங்கி முடிக்கிறதுக்கு முன்னாடியே போடணும். அடுத்த ஏத்தத்துக்கு முன்னாடி கழட்டணும். இதுக்குச் சோம்பல் பட்டா எந்தக் கடையிலயும் மருந்து இல்ல.

தேயிலைத்தடம் | ஞாயிறு, 9.30
செயின் அண்ணா சொல்றதுல பாதிக்குப் பாதி மிரட்டல், ஆனா விஷயம் சரி. நான் குன்னூர்ல ஓட்டுறேன். என் கணக்கு இதுதான்: கிளம்புறப்ப லேசா குளிரணும். வாசல்லயே கதகதன்னு இருந்தா ஒரு துணி அதிகம்னு அர்த்தம். முழுக்கை ஜெர்சிக்குப் பதிலா அரைக்கை ஜெர்சியும், தனியா மாட்டுற கை உறையும் வாங்குங்க. ஓட்டிக்கிட்டே மணிக்கட்டு வரைக்கும் இறக்கி விட்டுக்கலாம், நிக்க வேண்டாம். முழங்காலுக்கும் அதே மாதிரி உறை உண்டு. ஷார்ட்ஸோட குளிர்ல மிதிச்சா முட்டி பிடிச்சுக்கும், ரேஸுக்கு முன்னாடி அது வேண்டாத வேலை.

குல்லா ஹெல்மெட்டுக்குள்ள போடாதீங்க. அம்மா பின்னுனதுன்னா தடிமன் இருக்கும், ஹெல்மெட் மேல தூக்கிட்டு நிக்கும், விழுந்தா ஒதவாது. காதை மறைக்கிற மெல்லிய ஒட்டுக் குல்லா போதும். கழுத்துக்கு ஒரு பஃப், குழாய் மாதிரி மாட்டுற மெல்லிய துணி. அதை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டா கண்ணாடி பனி பிடிக்கும், அதனால இறக்கத்துல மட்டும்.

சுக்குமல்லி | ஞாயிறு, 9.48
அந்தக் காலத்துல இறக்கத்துக்கு முன்னாடி நெஞ்சுக்கு நேரா சட்டைக்குள்ள பேப்பரை மடிச்சு வெச்சுக்குவாங்க. தினசரி ஒண்ணு, வேலை முடிஞ்சுது. கால் குளிர்ந்தா சாக்ஸ் மேல பிளாஸ்டிக் கவர்.

குந்தா_காத்து | ஞாயிறு, 9.50
பேப்பர் சரி. பிளாஸ்டிக் கவரோட கல்லாறு தாண்டி வாங்க, செக்போஸ்ட்ல அபராதம் கட்டிட்டு மேல வாங்க. நீலகிரியில தடைங்க.

சுக்குமல்லி | ஞாயிறு, 9.55
ஷூவுக்குள்ள போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?

தேயிலைத்தடம் | ஞாயிறு, 9.57
அதுக்கு பதில் ஷூ முனையில மாட்டுற உறையே வாங்கிடலாம். ஷூ அடியில பெடலோட பூட்டுற கிளீட் இருந்தா, அந்த ஓட்டை வழியா வர்ற காத்தை உள்பக்கம் டேப் ஒட்டி அடைங்க.

திருப்பூர்_நூல் | ஞாயிறு, 10.30
மெரினோ நல்லதுதான், நாத்தம் வராது, நனைஞ்சாலும் ஓரளவு சூடு தரும். ஆனா 5,000ல அதுலயே பாதி போயிடும். பாலியஸ்டர் வலைப் பின்னல் பனியன் ரெண்டு எடுங்க. ஒண்ணு உடம்புல, ஒண்ணு பையில. மேல போனதும் நனைஞ்சதைக் கழட்டிட்டு காஞ்சதைப் போட்டா வர்ற சுகம் எந்த ஜாக்கெட்லயும் வராது. ஊட்டி திபெத்திய மார்க்கெட்ல ஸ்வெட்டர் வாங்கிடாதீங்க. பஸ் ஸ்டாண்டுல நிக்க நல்லா இருக்கும், சைக்கிள்ல காத்து ஊடுருவிப் போகும்.

குந்தா_காத்து | ஞாயிறு, 10.41
முக்கியமானதை விட்டுட்டோம். ஜாக்கெட் பளிச்சுனு மஞ்சள்ல எடுங்க. மூடுபனியில காய்கறி லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியணும்.

பழைய_செயின் | ஞாயிறு, 10.50
தப்பான யோசனை. எஸ்டேட்டுக்குள்ள காட்டெருமை மேயுது. பளிச்சுன்னு போனா மிரண்டு முட்டும். மண் நிறம், பச்சை, அவ்வளவுதான்.

தேயிலைத்தடம் | ஞாயிறு, 11.02
மாட்டு இனத்துக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது அண்ணா. அது மிரளுறது நிறத்தைப் பாத்து இல்ல, வளைவுல சத்தமே இல்லாம திடீர்னு பக்கத்துல வந்து நிக்கிற ஆளைப் பாத்து. மணி அடிங்க, தூரத்துலயே நில்லுங்க. என் ஆரஞ்சு ஜாக்கெட்டை இதுவரைக்கும் எந்தக் காட்டெருமையும் திரும்பிப் பாத்ததில்ல.

பழைய_செயின் | ஞாயிறு, 11.06
நீங்க பாத்த காட்டெருமை வேற, நான் பாத்த காட்டெருமை வேற.

குந்தா_காத்து | ஞாயிறு, 11.15
காட்டெருமை வர்ற இடத்துல சில ரோடு காப்புக்காட்டுக்குள்ளயே போகுது. அனுமதி இல்லாம நுழைஞ்சா வனச் சட்டப்படி குத்தம். 1882ல இருந்து இருக்குற சட்டம், சைக்கிளுக்குன்னு விலக்கு எதுவும் கிடையாது. வெளியூர்ல இருந்து வந்து மேப்புல கோடு தெரியுதுன்னு உள்ள போயிடுறாங்க, அப்புறம் எங்க பசங்களையும் சேத்து நிறுத்துறாங்க.

பழைய_செயின் | ஞாயிறு, 11.20
எஸ்டேட் ரோடும் தனியார் ரோடுதான். அங்க மட்டும் யார்கிட்ட அனுமதி வாங்குனீங்க?

குந்தா_காத்து | ஞாயிறு, 11.22
வாட்ச்மேன் எங்க மாமா.

பிசியோ_கோவை | ஞாயிறு, பிற்பகல் 1.10
நடுவுல வர்றேன். எந்த விரல் மரத்துப் போகுதுன்னு யாருமே கேக்கல. அஞ்சு விரலும் நுனியில இருந்து வெளுத்து வலிச்சா அது குளிர். சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தா, உள்ளங்கையோட வெளி ஓரத்துல ஹேண்டில்பார் நரம்பை அமுக்குது. அதுக்கு எவ்வளவு தடிமனான கிளவுஸ் போட்டாலும் தீராது, இன்னும் மோசம்கூட ஆகலாம். ஏன்னா தடிச்ச கிளவுஸ்ல கிரிப்பை இன்னும் இறுக்கிப் பிடிப்பாங்க.

சேறு_சக்கரம் | ஞாயிறு, இரவு 8.05
வலது கைல எல்லா விரலும். இடது கைல நீங்க சொன்ன ரெண்டு மட்டும்.

பிசியோ_கோவை | ஞாயிறு, 8.30
அப்ப ரெண்டும் இருக்கு. சீட் முனை கீழ சாஞ்சிருக்கான்னு பாருங்க. சாஞ்சிருந்தா உடம்பு எடை முழுக்க கைக்கு வந்துடும். மணிக்கட்டு பின்னால மடங்காம, முன்னங்கையோட நேரா இருக்குற மாதிரி பிரேக் லிவரைத் திருப்பி வைங்க. கிளவுஸ் முழு விரல், மெல்லிசு, முன்பக்கம் காத்து தடுக்குறது. லிவரை ஒரு விரலால இழுத்துப் பாக்காம கடையில காசு குடுக்காதீங்க. உள்ள போட ஒரு ஜோடி மெல்லிய லைனர். வலது கை விரல் வீட்டுக்கு வந்த பிறகும் வெளுத்து நிறம் மாறிக்கிட்டே இருந்தா டாக்டரைப் பாருங்க.

ஸ்காபரோ_சில்லு | ஞாயிறு, 9.12
ரேஸ் அண்டைக்கு இவ்வளவும் போட்டிட்டு ஓடாதேங்கோ. எலீட் எக்ஸ்சி ரேஸே ஒண்டரை மணித்தியாலம் மட்டிலதான். சும்மா ஓடுறதை விட உடம்பு கூடக் கொதிக்கும். தொடக்கக் கோடு வரைக்கும் ஜாக்கெட்டோட நிண்டு, கடைசி நேரத்தில கழட்டித் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்கோ. முடிஞ்ச உடன திருப்பிப் போடுங்கோ. ஆறுற நேரத்திலதான் உடம்பு கூடக் குளிருறது.

சுக்குமல்லி | ஞாயிறு, 9.15
அதுக்குத்தான் சுக்கு.

சேறு_சக்கரம் | அடுத்த ஞாயிறு, பிற்பகல் 2.20
போயிட்டு வந்தேன். காட்டன் எதுவும் போடல. உள்ள பாலியஸ்டர், ஜெர்சி, விண்ட்சீட்டர் உச்சியில மட்டும். நடுக்கம் இல்ல. சீட் சாஞ்சுதான் இருந்துச்சு, சரி பண்ணேன், இடது கை பரவாயில்ல. வலது கை முதல் இறக்கத்துல மட்டும் கொஞ்சம். எல்லாருக்கும் நன்றி.

பழைய_செயின் | அடுத்த ஞாயிறு, 2.41
கிளவுஸ் எது வாங்குனீங்க? லைனர் போட்டீங்களா, இல்லையா? முதல் இறக்கத்துல மட்டும்னா லைனர் ஏத்தத்துலயே வேர்வையில நனைஞ்சிருக்கும். ஏறும்போது லைனரை ஜெர்சிக்குள்ள நெஞ்சுப் பக்கம் செருகி வெச்சுட்டு, விண்ட்சீட்டர் போடுற அதே இடத்துல மாட்டுங்க.

குந்தா_காத்து | அடுத்த ஞாயிறு, 3.05
விண்ட்சீட்டர் என்ன கலர்?

தேயிலைத்தடம் | அடுத்த ஞாயிறு, 3.06
ஆரம்பிச்சிடாதீங்க.