உங்களை விட்டுப் போகாத கிணறு எது? எண்ணெய் ரிக்கில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெல்சைட்_திருவாரூர்:

பதினைந்து வருஷம் ஆகப் போகிறது, இன்னும் தூக்கத்தில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

காவிரிப் படுகையில், நன்னிலம் பக்கம் ஒரு ஆய்வுக் கிணறு. எனக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரி மூணு மணிக்கு மட்லாக்கிங் யூனிட் பையன் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "பாருங்க சார்" என்று மட்டும் சொன்னான். எண்ணெய் பட்ட துண்டு யூவி ஒளியில் மினுங்கும். யூவி பெட்டியில் கண்ணை ஒட்டிப் பார்த்தேன். கழுவின கட்டிங்ஸில் (கிணற்றிலிருந்து வெட்டி மேலே வருகிற பாறைத் துண்டுகள்) பத்தில் ஒரு பங்கு மஞ்சளாக மினுங்கியது. வெந்தயம் ஊறவைத்த தண்ணீரில் வருமே, அந்த நிறம். எண்ணெயைக் கரைத்து இழுக்கிற கரைப்பான் இரண்டு சொட்டு விட்டேன். உடனே ஒன்றும் ஓடவில்லை. பிறகு ஒரே ஒரு மணல்துண்டிலிருந்து பால் மாதிரி மெல்லிசாக ஒரு இழை கிளம்பி வந்தது.

முந்தின நாள் பைப் மாட்டிக்கொண்டதால் அதை விடுவிக்க டீசல் கலந்த பில் என்கிற திரவம் இறக்கியிருந்தோம். அந்த டீசல்தான் என்று நினைத்துவிட்டேன். ரிப்போர்ட்டில் 'மிகக் குறைந்த ஒளிர்வு, கலப்படமாக இருக்கலாம்' என்று எழுதினேன். கிணற்றுக்குள் கருவி இறக்கி லாக் எடுத்தபோது அந்த மணலில் ரெசிஸ்டிவிட்டி, அதாவது மின்தடை, 2.5 ஓம்-மீட்டர்தான். எண்ணெய் இருந்தால் கூடுதலாக வரும் என்பது கணக்கு. கணக்குப் போட்டால் எண்பது சதவீதம் தண்ணீர். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. டெஸ்ட் பண்ணாமலே சிமெண்ட் பிளக் போட்டு மூடினோம்.

நாலு வருஷம் கழித்து, சில கிலோமீட்டர் தள்ளி வேறு கிணறு. அதே மணல், அதே மாதிரி ரெசிஸ்டிவிட்டி. யாரோ ஒருவர் பிடிவாதமாக நின்று டெஸ்ட் பண்ண வைத்திருக்கிறார். எண்ணெய் வந்தது.

என் கிணற்றிலும் வந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த இழையைக் கண்ணால் பார்த்துவிட்டு 'கலப்படம்' என்று எழுதிய கை என்னுடையது.

தட்டு_தூக்கினவன்:

சார், ஏழு வருஷம் அந்தத் தட்டைத் தூக்கினவன் நான். உங்க கிணறு இல்ல, நான் இருந்தது கிருஷ்ணா கோதாவரிப் பக்கம்.

எங்க யூனிட்ல மட், அதான் கிணத்துக்குள்ள சுத்துற சேறு, அதோட டேங்க் அளவு ஒரு கோடா ஓடிக்கிட்டே இருக்கும், தெரியும்ல. அது தானா ஏறினா கீழேருந்து ஏதோ தள்ளுதுன்னு அர்த்தம். ஒரு நாள் சாயங்காலம் கோடு மேல ஏற ஆரம்பிச்சுது. ஒரு கனமீட்டர் ஏறினதும் டிரில்லருக்கு போன் போட்டேன். "டேங்க் மாத்துறாங்க தம்பி, வை"ன்னார். ஒன்றரை ஆச்சு. மறுபடி போட்டேன், திட்டிட்டு வச்சுட்டார். நான் யூனிட்டை அப்படியே விட்டுட்டு ஓடினேன். ஷேல் ஷேக்கர் சல்லடைல மட் நுரைச்சுக்கிட்டு வருது. ரிக் ஃப்ளோர் ஏறி, "சார், பம்பை நிறுத்திப் பாருங்க, கால்ல வேணா விழறேன்"னு சொல்லிட்டேன். என் மூஞ்சியையே பார்த்தார். நிறுத்தினார்.

பம்ப் நின்னுபோச்சு. மட் நிக்கல. வந்துக்கிட்டே இருந்துச்சு.

கிணத்து வாயை அடைக்கற பிஓபி வால்வை மூடினாங்க, ரெண்டு நாள் ராத்திரி பகலா கனமான மட் ஏத்திக் கிணத்தை அடக்கினாங்க. அந்தப் பக்கம்தான் 1995 ஜனவரியில பாசர்லப்புடி கிணறு தீப்பிடிச்சு 65 நாள் எரிஞ்சது. எங்களுக்கு டீ கொண்டு வர்றவர் அப்ப சின்னப் பையன். ராத்திரி எது பகல் எதுன்னே தெரியலைம்பார். அன்னைக்கு அவர் நீட்டின டீயை என்னால கையில பிடிக்க முடியல.

ரெண்டாவது தடவை திட்டினப்ப, சரி நமக்கென்னன்னு உக்காந்திருந்தா? இதுதான் எனக்கு இன்னிக்கும் ஓடிக்கிட்டே இருக்கு.

லாக்_படிப்பவர்:

முதல் பதிவு போட்ட நண்பருக்கு. வருத்தம் புரிகிறது, ஆனால் நீங்கள் சொல்கிற காரணத்தை ஏற்க மாட்டேன். டீசல் யூவியில் பெரும்பாலும் நீலம் கலந்த வெள்ளையாகத் தெரியும். நீங்கள் பார்த்தது மஞ்சள். அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பில் இறக்கின அன்றே அந்த டீசலில் ஒரு சொட்டு, பைப் இணைப்புக்குத் தடவுகிற கிரீஸில் ஒரு துளி, ஓடுகிற மட்டில் கொஞ்சம் என மூன்றையும் தனித்தனியாகப் பீங்கான் தட்டில் வைத்து யூவியில் பார்த்து எழுதி வைப்பது அடிப்படை வேலை. கால்சைட்டும் ஒளிரும்தான், ஆனால் அதற்குக் கரைப்பானில் கட், அதாவது நீங்கள் பார்த்த அந்த இழை, வராது. உங்களுக்கு வந்திருக்கிறது. மெதுவாக வந்தது என்றால் துண்டைக் குச்சியால் நசுக்கிவிட்டு மறுபடி சொட்டு விட்டிருக்கலாம். இறுக்கமான மணலில் நசுக்கினால்தான் வெளியே வரும். காய்ந்த பிறகு தட்டில் வளையம் நின்றதா? அதையும் நீங்கள் சொல்லவில்லை.

தப்பு உங்களோடு முடியவும் இல்லை, உங்களைவிட லாக் படிக்கிற எங்கள் ஆட்கள் மேல்தான் எனக்குக் கோபம். ரெசிஸ்டிவிட்டியிலிருந்து தண்ணீர் அளவைக் கணக்கிட ஆர்ச்சி 1942-இல் கொடுத்த சூத்திரம் களிமண் இல்லாத சுத்தமான மணலுக்கு. மணலில் களிமண் கலந்திருந்தால் அதில் ஒட்டியிருக்கிற தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்தில் எண்ணெய் இருந்தாலும் கருவிக்குத் தண்ணீர் மாதிரிதான் தெரியும். வாக்ஸ்மன், ஸ்மிட்ஸ் இருவரும் இதற்கான திருத்தத்தை 1968-இலேயே எழுதிவிட்டார்கள். மணலும் களிமண்ணும் விரல் கனத்தில் மாறி மாறி அடுக்கியிருந்தால் இன்னும் மோசம், ரெசிஸ்டிவிட்டி அளக்கிற பழைய இண்டக்ஷன் கருவி அத்தனையையும் சேர்த்துச் சராசரியாக ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். எண்பது சதவீதம் தண்ணீர் என்று எழுதியவர் எந்தச் சூத்திரத்தில் போட்டார் என்று யாராவது கேட்டார்களா? நாலைந்து ஆழத்தில் அழுத்தம் எடுத்திருந்தால் போதும். ஒரு அடிக்கு 0.43 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வீதம் கூடினால் தண்ணீர். 0.35 பக்கம் வந்தால் எண்ணெய். அரை நாள் வேலை. அந்த அரை நாள் ரிக் வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

என் அனுபவம் சின்னதுதான். ஒரு கிணற்றில் இதே மாதிரி மணலை டெஸ்ட் பண்ணச் சொல்லி மீட்டிங்கில் பேசினேன். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷம் மீட்டிங்கில் நான் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று வருஷத்தில் எதையெல்லாம் பேசாமல் விட்டேன் என்பதுதான் என்னை அரிக்கிறது.

காரை_ஓடை:

படிக்கும்போதே தொண்டை அடைக்கிறது. நீங்கள் எல்லாரும் இருந்து பார்த்துவிட்டு வருத்தப்படுகிறீர்கள். எனக்கு இருக்கவே விடவில்லை.

அப்போது 1952 சுரங்கச் சட்டம் எண்ணெய்க் கிணற்றுக்கும் பொருந்தியது. பிரிவு 46-இன்படி பெண்கள் காலை ஆறு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் வேலையில் இருக்கக் கூடாது என்று இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் ஆறரைக்கே ஜீப் வந்து நின்றுவிடும். ஒரு ஆய்வுக் கிணற்றில் கோர் (உருளையாக வெட்டி எடுக்கிற பாறை) எடுக்க வேண்டிய ஆழத்தை லாக், சீஸ்மிக் (அதிர்வலைப் பதிவு) எல்லாம் பார்த்துக் குறித்துக் கொடுத்தது நான். எட்டு மாசம் அதே வேலையாக இருந்தேன். பிட் (துளையிடும் முனை) மெதுவாக வெட்டியதால் நேரம் இழுத்துக்கொண்டே போயிற்று. ஜீப்காரர் ஹாரன் அடித்தார். ஏறிவிட்டேன்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு என் ஜூனியர் தம்பி போன் பண்ணினான். "மேடம், வந்துருச்சு மேடம். வாசனை ரிக் ஃப்ளோர் பூரா அடிக்குது. கல்லு வேர்க்குது மேடம்." பின்னால் ஆட்கள் கத்துவது கேட்டது. கெஸ்ட் ஹவுஸ் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

காலையில் போனபோது எல்லாம் முறையாக முடிந்திருந்தது. துடைத்து, வலப்பக்கம் சிவப்புக் கோடு, இடப்பக்கம் கறுப்புக் கோடு போட்டு, ஒன்பது மீட்டரையும் மீட்டர் மீட்டராகப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். முகர்ந்து பார்த்தேன். லேசாக இருந்தது. கல்லில் வேர்வை இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது பெரம்பலூர் மாவட்டம் காரைக்குக் கூட்டிப்போவார்கள். வெயிலில் பிளந்து கிடக்கிற அந்தக் களிமண் மேட்டில் பெலம்னைட் புதைபடிவம் பொறுக்கிக்கொண்டே எங்கள் பேராசிரியர் சொன்னார், இதே கிரிடேசியஸ் காலத்துப் படிவுதான் கிழக்கே போகப் போக ஆழத்தில் கிடக்கிறது, அங்கே நீங்கள் அதை நடந்து பார்க்க முடியாது, மேலே வருகிற துண்டில்தான் பார்க்க வேண்டும் என்று. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தத் துறைக்கே வந்தேன்.

2019 ஜனவரியில் அந்த நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். எழுதிக் கொடுத்துச் சம்மதித்தால், ஒரு ஷிஃப்டில் குறைந்தது மூன்று பெண்கள் இருந்தால், இரவிலும் தரைக்கு மேல் வேலை பார்க்கலாம் என்றார்கள். இப்போது வருகிற பெண்பிள்ளைகள் பார்க்கிறார்கள். நான் அதற்குள் அலுவலகத்துக்கு மாறியிருந்தேன்.

கடைமடை:

நாகப்பட்டினம் மாவட்டம், விவசாயக் குடும்பம். ஜியாலஜி படித்து எண்ணெய் வேலைக்குப் போனவன். சீஸ்மிக் சர்வே பார்ட்டியோடு எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரிலேயே இறங்க வேண்டி வந்தது. நடவு முடிந்து பத்து நாள் ஆன வயல். வரப்பு ஓரமாக வெடி வைக்கக் குழி போட இடம் குறிக்கிறோம். ஒரு பெரியவர் வந்தார். என் தாத்தாவுக்குத் தெரிந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். இழப்பீடு பற்றிக் கேட்பார் என்று ஃபாரத்தை எடுத்தேன்.

"தம்பி, ரெண்டாயிரம் மூவாயிரம் மீட்டர்ல என்ன இருக்குன்னு சொல்லிடுவீங்களாமே. என் போர்ல நூறு அடியில ஏன் உப்பு வருது? அதச் சொல்லு."

பதில் தெரியாமல் இல்லை. கடல் பக்கம், ஆற்றில் தண்ணீர் வருவது குறைந்து, எல்லாரும் இறைக்க இறைக்க உப்புநீர் உள்ளே ஏறுகிறது. பழைய கடல் படிவில் தங்கின உப்பும் சேர்கிறது. அதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிப்பா, இனிப்பா இருக்கற இடம் எதுன்னு உன் மிஷின்ல பார்த்துச் சொல்ல முடியுமா?" என்றார். எங்கள் கருவிகள் அவ்வளவு மேலே இருப்பதைப் பார்க்கிற மாதிரி அமைத்ததே இல்லை. மேலே வருகிற சிக்னலை இரைச்சல் என்று வெட்டி எறிகிறோம். அவர் கேட்டது முழுக்க நாங்கள் வெட்டி எறிகிற பகுதியில் இருந்தது.

2017-இல் நெடுவாசல், கதிராமங்கலம் என்று ஊரே தெருவில் உட்கார்ந்தபோது, 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோது, ஆபீஸில் எல்லாரும் விவசாயிக்கு விஞ்ஞானம் புரியவில்லை என்றார்கள். அந்தப் பெரியவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

ஆஃப்ஷோர்_28நாள்:

கடைமடை அண்ணே, டெல்டா பிரச்சனையை இங்க இழுக்காம இருந்தா நல்லது. கிணறு போட்டதாலதான் உப்பு ஏறிச்சுன்னு படிக்கிறவங்க எடுத்துக்குவாங்க. கேசிங் (இரும்புக் குழாய்) இறக்கி சிமெண்ட் பண்ணித்தானே கீழ போறோம்?

என் கதை சின்னது. மேற்குக் கடல், 28 நாள் ஷிஃப்ட், கிணத்தைத் திறந்து என்ன வருதுன்னு பார்க்கற டிஎஸ்டி டெஸ்ட். பதினோரு மாசம் மேப் போட்டு, ரிசர்வ் கணக்குப் போட்டு, எங்க டீமோட பேரே அந்த ஸ்ட்ரக்சர்லதான் (எண்ணெய் இருக்கும்னு நம்பின பாறை அமைப்பு) இருந்துச்சு. வால்வு திறந்து பர்னர் பக்கம் எல்லாரும் நிக்கிறோம். ஒரு பத்து நிமிஷம் கேஸ், சின்னதா தீ. அப்புறம் அணைஞ்சுது. சாம்பிள் பாட்டில்ல பிடிச்சுக் கொண்டு வந்தாங்க. கலங்கலா இருந்துச்சு. கெமிஸ்ட் குளோரைடு பார்க்கறதுக்குள்ள நான் விரலை விட்டு நாக்குல வச்சேன். அப்படிச் செய்யக் கூடாது, தெரியும். கடல்தண்ணியைவிடக் கரிச்சுது.

யாரும் ஒண்ணும் பேசல. சாப்பாட்டு மணி அடிச்சுது, போய்ச் சாப்பிட்டோம்.

கடைமடை:

தம்பி, கிணற்றால் உப்பு ஏறியது என்று நான் எங்கே எழுதினேன்? இன்னொரு தடவை படியுங்கள். கேசிங்கும் சிமெண்டும் எனக்கும் தெரியும். மனுஷன் கேட்ட கேள்வியைத்தான் எழுதினேன்.

மஸ்கட்_திரும்பினவன்:

ஒரு வார்த்தை. இதைப் படிக்கிற ஜியாலஜி மாணவர்கள் யாராவது இருந்தால், கேட் தேர்வை விடாதீர்கள், நிலவியல், புவி இயற்பியல் தாளை எடுத்து எழுதுங்கள். ஆனால் எண்ணெய் ஒன்றையே நம்பி இருக்காதீர்கள். 2014 நடுவில் பேரல் நூறு டாலருக்கு மேல் விற்றது, 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே போனது. அதற்கு இடைப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டு லேப்டாப்பைக் கேட்டார்கள். திரையில் பாதி வரைந்த ஃபால்ட் (பாறை முறிவு) மேப் திறந்தபடி இருந்தது. சேவ் பண்ண விடுங்கள் என்றேன், தேவையில்லை என்றார்கள். நிலத்தடி நீர், சுரங்கம், அணைக்கட்டு அடித்தளம், கார்பனைப் பூமிக்குள் செலுத்துவது எல்லாவற்றுக்கும் இதே படிப்புதான். கையால் பாறையை வர்ணித்து எழுதப் பழகுங்கள், சாஃப்ட்வேர் எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஊரில் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலையை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். நான் வாங்கியிருந்தேன்.

வெல்சைட்_திருவாரூர்:

லாக்_படிப்பவர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. டீசலையும் கிரீஸையும் தனியாக வைத்துப் பார்க்கவில்லை. வளையம் நின்றதா என்றும் பார்க்கவில்லை. விடிந்தால் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், ஒரு காரணம் கையில் கிடைத்தது, எடுத்துக்கொண்டேன்.

முதலில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் வேறு வேலையாக சாம்பிள் கிடங்குக்குப் போனேன். அந்தக் கிணற்றின் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். ஐந்து மீட்டருக்கு ஒரு பொட்டலம், வரிசையாக இருந்தது. என் பொட்டலத்தின் மேல் என் கையெழுத்திலேயே ஆழமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. அப்போதே கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அது எனக்கு மறந்தே போயிருந்தது. அரைக் கைப்பிடி மணல் மிச்சம். அங்கே இருந்த யூவி விளக்கில் காட்டினேன். லேசானதெல்லாம் எப்போதோ ஆவியாகியிருக்கும், ஆனாலும் இரண்டு மூன்று துண்டில் அந்த மஞ்சள் இருந்தது. பொட்டலத்தை மடித்துக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

லாக்_படிப்பவர்:

கட் போட்டுப் பார்த்தீர்களா? மைக்ரோஸ்கோப்பில் களிமண் எவ்வளவு, பச்சையாகக் கிளாகோனைட் தாது ஏதாவது தெரிந்ததா? அரைக் கைப்பிடி போதும், மெலிசாக வெட்டி ஒரு ஸ்லைடு போடலாம். அந்தப் பெட்டியை மறுபடி எடுக்க முடியும் என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.