கேலரிக்காரரும் ஓவியரும்: நட்பா, கணக்கா?

தூரிகைதாசன்:
லியோ காஸ்டெல்லி 1957இல் நியூயார்க்கில் ஓவியங்கள் விற்கும் கேலரி திறந்தார். ஓவியர் ராஷன்பர்க்கின் ஸ்டூடியோவுக்குப் போனவர், அதே கட்டடத்தில் இருந்த இன்னொரு ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸின் படங்களைப் பார்த்ததும் கண்காட்சிக்குப் பேசி முடித்துவிட்டார். 1958 ஜனவரியில் ஜான்ஸின் முதல் தனிக் கண்காட்சி. நவீனக் கலை அருங்காட்சியகமே அதிலிருந்து படங்கள் வாங்கியது. 1999இல் காஸ்டெல்லி இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை. இந்த மாதிரி நட்பு இல்லாமல் நல்ல ஓவியர் வளர முடியாது என்பது என் கட்சி.

கணக்குப்புலி:
விற்றதில் பாதி கேலரிக்கு என்பதுதான் இன்று பரவலான வழக்கம். பாதியை எடுத்துக்கொள்பவர் பங்குதாரர், அவ்வளவுதான். முதல் கண்காட்சியிலேயே விற்ற ஓவியர் எதற்குப் பிரியப் போகிறார்? அதே காஸ்டெல்லியை விட்டு ஓவியர் ஜூலியன் ஷ்னாபெல் 1984இல் பேஸ் கேலரிக்குப் போனாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தூரிகைதாசன்:
போகிறவர்கள் எங்கேயும் போவார்கள். விற்காத ஓவியர்களுக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தவர் காஸ்டெல்லி. இன்னொன்று: ‘இரண்டு பீர் டப்பாவைக் கொடுத்தாலும் விற்றுவிடுவான்’ என்று ஓவியர் டி கூனிங் காஸ்டெல்லியைத் திட்டினாராம். அதைக் கேட்ட ஜான்ஸ் 1960இல் வெண்கலத்தில் இரண்டு பீர் டப்பா வார்த்து, லேபிளைக் கையால் தீட்டினார். ஒன்று திறந்தது, மற்றது மூடியது. காஸ்டெல்லி அதையும் விற்றார்! வெறும் பங்குதாரர்களுக்குள் இந்தக் கிண்டல் வருமா?

செவ்வந்தி:
டப்பா கதை அருமை. ஆனால் மாதப் பணம் என்பது பொதுவாக முன்பணம் சார், படம் விற்றதும் கழித்துக்கொள்வார்கள். விற்காவிட்டால் அது ஓவியர் தலையில் கடன். கடன் கொடுத்தவரிடம் ‘என் கணக்கைக் காட்டுங்கள்’ என்று எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

கணக்குப்புலி:
அதேதான். ஓவியர் மார்க் ரோத்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 பிப்ரவரியில் இறந்தார். உயிலை நிறைவேற்ற அவர் நம்பி வைத்த மூவரில் ஒருவர் பெர்னார்ட் ரெய்ஸ்: நெடுநாள் நண்பர், கணக்காளர். அந்த ரெய்ஸுக்கே மார்ல்பரோ கேலரியிலும் பதவி. மூன்றே மாதத்தில் 100 படங்கள் 18 லட்சம் டாலருக்கு மார்ல்பரோவுக்குப் போயின, அதுவும் பல வருடத் தவணையில், வட்டி இல்லாமல்! மீதிப் படங்களையும் கமிஷனுக்கு விற்கும் உரிமை அதே கேலரிக்கு. மகள் கேட் வழக்குப் போட்டார். 1975இல் நீதிமன்றம் மூவரையும் நீக்கி, 90 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. நட்பு நட்பு என்று உருகுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

தூரிகைதாசன்:
உங்கள் உதாரணம் உங்களையே கவிழ்க்கிறது. ரோத்கோ விஷயத்தில் எல்லாமே கையெழுத்திட்ட ஒப்பந்தம். காஸ்டெல்லியோ வாய்ச்சொல்லில் தொழில் நடத்தியதாகத்தான் சொல்வார்கள். மோசடி எங்கே நடந்தது, பார்த்தீர்களா?

செவ்வந்தி:
விற்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் ஒரே ஆள் உட்கார்ந்தால் எந்தக் காகிதமும் உதவாது, சரி. அதற்காகக் காகிதமே வேண்டாமா? பெரிய வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அது யார் பங்கில் குறையும்? விற்று எத்தனை நாளில் பணம் வரும்? வாங்கியவர் பெயரை ஓவியருக்குச் சொல்வார்களா? சண்டை பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வருகிறது. நண்பர் என்றால் எழுதிக் கேட்பது இன்னும் சுலபம்தானே.

தூரிகைதாசன்:
முதல் இரண்டுக்கும் சம்மதம். வாங்கியவர் பெயர் மட்டும் முடியாது. அது கேலரிக்காரரின் பிழைப்பு. பெயர் தெரிந்தால் அடுத்த படம் நேராக ஸ்டூடியோவிலிருந்தே போய்விடும்.

கணக்குப்புலி:
நாற்பது வருட நண்பர் அப்படிச் செய்வார் என்று நீங்களே பயப்படுகிறீர்களா? சரி, நாளைக்கு ஓர் அருங்காட்சியகம் அந்த ஓவியரின் வாழ்நாள் படைப்புகளைக் கண்காட்சி வைக்கக் கேட்கிறது, கேலரி அதற்குள் மூடிவிட்டது என்று வையுங்கள். தன் படம் யார் வீட்டில் இருக்கிறது என்று அவர் யாரைப் போய்க் கேட்பார்?