சூடானதும் ஐடில்ல மிஸ்ஸிங், பிளக் காயில் மாத்தியும் போகல

பழையபெட்ரோல்:
வணக்கம் எல்லாருக்கும். 2004 மாடல் பெட்ரோல் வண்டி, 4 சிலிண்டர், ஒவ்வொரு பிளக் மேலயும் தனித்தனி காயில் (ஸ்பார்க்குக்கு கரண்ட் கொடுக்கிறது) உக்காந்திருக்கிற டைப். காலைல ஸ்டார்ட் பண்ணா தங்கமா ஓடுது, நல்லா சூடேறினப்புறம் சிக்னல்ல ஐடில்ல நின்னா வண்டியே நடுங்குது, சைலன்சர்ல புட்... புட்னு விட்டு விட்டு சத்தம், ஆக்சிலேட்டர் கொடுத்தா முக்கால்வாசி சரியாயிடுது. ஸ்கேனர்ல பி0303 காட்டுது, அதாவது 3வது சிலிண்டர்ல மிஸ்ஸிங், சரியா எரியல. பிளக் நாலும் புதுசு, 3வது காயிலும் புதுசு, ஒரு மாத்தமும் இல்ல. இப்ப இன்ஜெக்டர் (பெட்ரோலை பீச்சுறது) மாத்தணும்ங்கிறார் மெக்கானிக், அதுலயும் போகலன்னா ஈசியூவாம், அதான் என்ஜினோட கம்ப்யூட்டர். இன்னும் காசு போடறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கலாம்னு வந்தேன்.

நட்டுபோல்ட்டு:
ப்ரோ எதையும் வாங்காதீங்க, இடம் மாத்திப் பாருங்க. 3வது இன்ஜெக்டரை 1லயும் 1வதை 3லயும் போடுங்க, கோடை அழிச்சுட்டு ஓட்டுங்க. கோடு 0301 (1வது சிலிண்டர்) ஆச்சுன்னா இன்ஜெக்டர்தான், 0303லயே நின்னா அது இல்ல. காயிலுக்கும் இதையே பண்ணிருக்கலாம், ஒரு ரூபா செலவில்ல. அப்புறம் செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுதா? மின்னினா அப்படியே ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் புகையை சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதையும் காலி பண்ணிரும்.

கரிப்புகை:
ஐடில்ல மட்டும் வருது ரேஸ் கொடுத்தா போகுதுன்னா எனக்கு வாக்குவம் லீக் மேலதான் சந்தேகம், அதாவது தப்பான வழில காத்து உள்ள நுழையறது. 3வது சிலிண்டர் கிட்ட மேனிஃபோல்ட் (காத்து உள்ள போற குழாய்) கேஸ்கட், ரப்பர் ஹோஸ் எல்லாம் பாருங்க

பழையபெட்ரோல்:
ரெண்டும் பாத்தாச்சு. இன்ஜெக்டர் மாத்திப் போட்டும் அதே 0303. மேனிஃபோல்ட் சுத்தி கார்ப் கிளீனர் லேசா அடிச்சுப் பாத்தோம், ஐடில் ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, அதனால அங்க லீக் தெரியல. லைட் மின்னல, நிலையா எரியுது.

ஸ்பானர்கை:
தம்பி, ஸ்பார்க் பாத்தாச்சு, பெட்ரோல் பாத்தாச்சு, மிச்சம் இருக்கிறது கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் அழுத்தும்போது சிலிண்டருக்குள்ள வர்ற பிரஷர். அத யாருமே பாக்கல, ஈசியூ வரைக்கும் போயிட்டாங்க.

என்ஜின் சூடா இருக்கும்போதே பாக்கணும், உங்களுக்கு பிரச்சன வர்றதே சூட்டுலதானே. நாலு பிளக்கும் கழட்டிட்டு, பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராம கனெக்டரை பிடுங்கிட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு வச்சு ஒவ்வொண்ணா கேஜ் போட்டு கிராங்க் பண்ணச் சொல்லுங்க. நாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வரணும். 3 மட்டும் இறங்கி இருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு திரும்ப எடுங்க. நல்லா ஏறினா பிஸ்டன் ரிங் போயிருக்கு, ஏறலன்னா வால்வு. ரெண்டு பக்கத்து பக்கத்து சிலிண்டர் சேந்து இறங்கியிருந்தா ஹெட் கேஸ்கட்டையும் (சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டுக்கு அடியில உள்ள சீல்) சந்தேகப்படணும்.

என் கணக்கு டேப்பட் டைட்டா இருக்கும், அதாவது வால்வுக்கும் அத தள்ளுற பாகத்துக்கும் நடுவுல விடுற கேப் குறைஞ்சிருக்கும். உங்க என்ஜின்ல ஹைட்ராலிக் டேப்பட் (கேப்பை தானா சரி பண்ணிக்கிறது) இல்லன்னா நாள்பட நாள்பட எக்ஸாஸ்ட் வால்வு, மூடும்போது தான் உக்கார்ற சீட்டுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், அப்ப கேப் குறைஞ்சுக்கிட்டே வரும். கோல்டுல எப்படியோ மூடிரும், சூட்டுல வால்வு நீளும்போது முழுசா மூடாம லீக் ஆகும். ஐடில்ல லீக் ஆக நேரம் நிறைய கிடைக்குது, அதான் நடுக்கம் அங்க தெரியுது, ரேஸ்ல மறைஞ்சிடுது. லூசான டேப்பட் டிக் டிக்னு கத்தி ஊரைக் கூட்டிரும், டைட்டானது சத்தமே போடாது, நம்மாளுங்க என்ஜின் எவ்ளோ ஸ்மூத்னு சந்தோஷப்பட்டுட்டு இருப்பாங்க.

பழையபெட்ரோல்:
அண்ணே நேத்து பாத்தோம். 175, 170, 115, 172 பிஎஸ்ஐ. 3வதுல ஆயில் விட்டும் 120 தாண்டல. வால்வு கவர் கழட்டி, என்ஜின் ஆறினப்புறம் பாத்தா 3வது எக்ஸாஸ்ட்ல 0.05 மிமீ ஃபீலர் கேஜ் (கேப் அளக்கிற மெல்லிய தகடு) கூட நுழையல!! மேனுவல்ல இருக்கிற அளவுக்கு எல்லா வால்வையும் செட் பண்ணியாச்சு. ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வந்து சூட்டோட மறுபடி எடுத்தா 3வது 158. நடுக்கம் போயிடுச்சு, ஆனா உத்து கவனிச்சா எப்பவாவது ஒரு தட்டு தட்டுற மாதிரி இருக்கு. ஹெட்டை இறக்கணுமா?

ஸ்பானர்கை:
அவசரப்படாத. வால்வு தன் சூட்டை சீட்டுல உக்காந்துதான் இறக்கும், உக்காராம ரொம்ப நாள் ஓடினதுல ஓரம் கொஞ்சம் கருகியிருக்கலாம். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு கம்ப்ரெஷனும் கேப்பும் ரெண்டும் பாரு. 158 நின்னா ஓட்டிக்கிட்டே இரு. இறங்கினா லீக் டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சு எங்க லீக்னு பாக்கறது) போடச் சொல்லு, காத்து சைலன்சர் வழியா உஸ்ஸுன்னு வந்தா அப்ப ஹெட்டை இறக்கலாம்.

கரிப்புகை:
நான் சொன்ன வாக்குவம் லீக் இல்லன்னு ஆயிடுச்சு 😀 என் வண்டியும் இப்பல்லாம் ரொம்ப ஸ்மூத்தா இருக்கு, நாளைக்கே வால்வு கவரை கழட்டிப் பாக்கறேன்