மனை விற்றவர் ஓட்டுக் கேட்டு வந்த அன்று

2011-ல் செங்கல்பட்டுக்கு மேற்கே தவணையில் ஒரு மனை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து வேன், சைட்டில் பிரியாணி, மஞ்சள் பெயின்ட் அடித்த கல். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது, டி.டி.சி.பி.க்குத்தான் (அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்று அப்போது யாருக்குத் தெரியும்? வரைபடத்தில் என் மனைக்கு நேர் எதிரே பச்சையில் 'பூங்கா' என்று போட்டிருந்தது. அதற்காகவே சதுர அடிக்கு இருபது ரூபாய் கூடக் கொடுத்தேன்.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்றிருந்த மனை அப்படியே முடங்கியது. அந்த மாதங்களில் மனை விற்ற புரோமோட்டர் போனையே எடுக்கவில்லை. 2017-ல் அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபிறகு கட்டணம் கட்டி, அலைந்து, பிற்பாடு அங்கேயே வீடும் கட்டிக் குடிபோய்விட்டோம்.

2021 சட்டமன்றத் தேர்தலில் அந்தப் புரோமோட்டரே வேட்பாளர். எந்தக் கட்சி என்பது வேண்டாம். மேளம், ஆரத்தித் தட்டு. என்னைப் பார்த்ததும் கைகூப்பி, "நாப்பத்திமூணாம் நம்பர் சார்தானே? கிழக்கு பாத்த மனை!" என்றார். பேர் ஞாபகமில்லை, மனை எண் இருக்கிறது. பொய் சொல்வானேன், ஒரு கணம் எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அவருடைய படிவம் 26-ஐ, அதாவது வேட்பாளரின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தை, இறக்கிப் பார்த்தேன். அதில் நிலங்களுக்குச் சர்வே எண் எழுத வேண்டும். 'விவசாயம் அல்லாத நிலம்', மனைவி பெயரில் ஒரு எண். பத்திரத்தை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தேன். எங்கள் பூங்கா! முறையாக அனுமதி வாங்கிய பெரிய லேஅவுட் என்றால் பூங்கா இடத்தைத் தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பேச்சே எழவில்லை.

* * *

அண்ணே, நான் மனை விக்கிறவங்க பக்கம் இருந்தவன். கோவைப் பக்கம் ஒரு புரோமோட்டர்கிட்ட ஏழு வருஷம் ஏஜென்ட். அவர் சீட்டு வாங்கி நின்னப்போ எங்களைத்தான் பூத் வேலைக்கு அனுப்பினார். மனை வாங்கினவங்க லிஸ்ட் எங்ககிட்ட இருக்கும்: வீட்ல எத்தனை பேர், சம்பளம் எந்தத் தேதி, தவணை பாக்கி எவ்வளவு. வாக்காளர் பட்டியலை அதோட சேர்த்து வெச்சுத்தான் வீடு வீடாப் போனோம். வேனும் அதே வேன்தான். மனை ஸ்டிக்கரை உரிச்சுட்டுத் தலைவர் படம் ஒட்டினோம். 2021-ல ஒரு வேட்பாளர் செலவு பண்ண உச்சவரம்பு 30.8 லட்சம். டீசல் மட்டும் அதுல வராம கம்பெனிக் கணக்குல போச்சு. வவுச்சர் எழுதினதே நான்தான்.

உங்களுக்கெதுக்குங்க அரசியல்னு ஒருநாள் கேட்டேன். "நிலப் பயன்பாடு மாத்தணும், பாதை விடணும், கரன்ட் இழுக்கணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளைப் புடிச்சுக் காசு குடுக்குறேன். நானே அந்த ஆளா ஆயிட்டா மிச்சம்தானப்பா" அப்படின்னார். ஒளிச்சுமறைச்செல்லாம் சொல்லலை, டீ குடிச்சுக்கிட்டே சொன்னார்.

உங்க பூங்கா கடைசியில என்னாச்சுண்ணே?

* * *

தம்பி, அவர் தோற்றுவிட்டார். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் ரெண்டு தடவை மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது. தேர்தல் சமயத்தில் நட்ட கொடிக்கம்பம் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. கொடி கிழிந்துபோனது. தெருப் பசங்களுக்கு அதுதான் ஸ்டம்ப்.