மறு: மனிதர், கால்நடை, சூழல் மூன்றையும் சேர்த்துக் கண்காணிப்பதற்குச் சொல்

வணக்கம் ஐயா. மருந்துக்கு மசியாத கிருமிகளை மனிதர், விலங்கு, சூழல் என எல்லா இடத்திலும் சேர்த்துக் கண்காணிப்பதை ஆங்கிலத்தில் One Health surveillance என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் உங்கள் கேள்விக்கு என் பதில் இது.

> 'முப்புலக் கண்காணிப்பு' சரிவருமா? மனிதர், விலங்கு, சூழல் என்று மூன்று புலம்.

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் எண்ணைச் சொல்லுக்குள் பூட்டினால் பின்னால் இடிக்கும். பயிர்ப் பூசணத்துக்கு அசோல் மருந்து தெளிக்கிறார்கள். அதில் தப்பிப் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூசணம், மனித நுரையீரலுக்குள் போனபின் அதே வகை மருந்துக்கு மசிய மறுக்கிறது. பயிரை நான்காவது புலம் என்பதா?

அதைவிட முக்கியமான ஒன்று: மூன்று இடத்தில் தனித்தனியாகக் கணக்கெடுப்பது இந்தக் கருத்தே அல்ல. கொலிஸ்டினைப் பாருங்கள். வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கையில் எடுக்கும் மருந்து அது. அதையே பன்றிகள் கொழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், கிருமியைக் கொலிஸ்டினுக்கு மசியாமல் ஆக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். பன்றி, விற்பனைக்கு வந்த இறைச்சி, மருத்துவமனை நோயாளி என எல்லாவற்றிலிருந்தும் எடுத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் அது இருந்தது. பிளாஸ்மிட் என்ற, தனியே கைமாறக்கூடிய டி.என்.ஏ. வளையத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். மருத்துவமனை ஏட்டை மட்டும் புரட்டினால் இந்தச் சங்கிலி கண்ணில் படுமா? மாதிரிகளை ஒரே முறையில் சோதித்து, முடிவுகளை அருகருகே வைத்தால்தான் படும்.

அதனால் 'ஒருங்கு' என்ற வேரே பொருந்தும் என்பேன். ஒருங்குறி (Unicode) நம் நாவில் பழகிவிட்டது. 'ஒருங்குநலம்' அதே அச்சில் வரும். 'ஒரே சுகாதாரம்' வேண்டாம். சுகாதாரம் என்றதும் பலருக்குத் துப்புரவுதான் நினைவுக்கு வருகிறது.

'கண்காணிப்பு' வேவு போல ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. 2013இல் இஸ்ரேலில் ஒருவருக்கும் பக்கவாதம் வராத நிலையிலேயே கழிவுநீரில் போலியோ வைரஸ் சிக்கியது. அதை வைத்துக் குழந்தைகளுக்குச் சொட்டுமருந்து கொடுத்தார்கள். பார்ப்பதும் பார்த்ததை வைத்துச் செயல்படுவதும் இந்தச் சொல்லில் சேர்ந்தே வருகின்றன.

அப்புறம், antimicrobial resistance என்பதற்கு 'நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்' என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துவோம். எதிர்ப்பது நுண்ணுயிரா, நுண்ணுயிரை நாம் எதிர்க்கிறோமா? நோய் எதிர்ப்புத் திறன் என்று படித்து வளர்ந்தவர்கள் இதையும் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வார்கள். 'என் உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு' என்று நோயாளிகள் சொல்வதும் இதே குழப்பம்தான். மாறியது கிருமி, உடம்பு அல்ல. 'கிருமிகளின் மருந்தெதிர்ப்பு' என்றால் யார் எதை எதிர்க்கிறார்கள் என்பது தெளிவு. வெறும் 'மருந்தெதிர்ப்பு' போதாது, புற்றுநோய்ச் செல்களுக்கும் அது உண்டு. 'தாங்குதிறன்' வேறு பொருளுக்குத் தேவைப்படும்: எதிர்ப்புப் பெறாமலே மருந்தில் சிலகாலம் சாகாமல் கிடக்கும் கிருமிக்கு.

ஆக, என் பரிந்துரை: ஒருங்குநலக் கண்காணிப்பு, கிருமிகளின் மருந்தெதிர்ப்பு. கால்நடை மருத்துவத் துறையில் 'ஒருங்குநலம்' வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குகிறதா என்று அத்துறை நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.